பாக்கலாம் என்றால் முடியாது என்று அர்த்தம்

ஆகஸ்ட் 4, திங்கள்

ஆண்டு விழாவுக்கு எங்கள் நாடகத்தை எடுத்துக்கொண்டார்கள். நடிப்பது இரண்டே பேர்: நானும் திட்டக்குழுவும். திட்டக்குழு என்பது குழு அல்ல, என் வகுப்பில் படிக்கும் ஒரே ஒரு ஒல்லிப் பையன். மூச்சு விடும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் திட்டம் போடுவான். திட்டம் அவனுடையது, திட்டு என்னுடையது.

கதை இதுதான்: மழை நாள், பேருந்து நிறுத்தம், முன்பின் தெரியாத இரண்டு பேர், ஒரே குடை.

தலைமையாசிரியை என்னை மட்டும் பார்த்து, "போன வருஷம் மாதிரி ஏதாவது வம்பு பண்ணினே, திரையை இழுத்து மூடிடுவேன்" என்றார். போன வருஷம் மைக்கில் கொஞ்சம் மூக்குப்பொடி தூவினேன். பேச வந்தவர் தும்மினார்; கூட்டம் விம்மி விம்மிச் சிரித்தது. இதெல்லாம் ஒரு வம்பா?

ஆகஸ்ட் 5, செவ்வாய்

திட்டக்குழு கூடியது. தீர்மானம்: மேடையில் நிஜ மழை.

"மேல கம்பியில ஹோஸைக் கட்டுவோம். பூரா ஓட்டை. நீ குடையை விரிக்கிறே, சடசடன்னு கொட்டுது. ஹாலே வாயைப் பொளக்கும்!"

எனக்கே புல்லரித்தது. பிறகுதான் மூளை விழித்தது. எங்களுடையது பலகை மேடை. பலகைகளுக்கு நடுவே விரல் நுழையும் இடைவெளி. அடியில் மைக் ஒயரும் விளக்கு ஒயரும் கட்டிப் புரள்கின்றன. கூட்டம் வாயைப் பிளக்கும், சரி. நாங்கள் கண்ணை மூடுவோம்.

ஆகஸ்ட் 6, புதன்

எப்படிச் சொல்வது? நான் வாயைத் திறந்தால் கிண்டல்தான் வருகிறது. அறிவியல் கண்காட்சியில் கூட்டாளிகள் இவன் யோசனையைக் கேட்டுச் சிரித்தார்கள்; அப்படியே விட்டுவிட்டுப் போனவன் திரும்பிப் பார்க்கவில்லை. இவன் போனால் என் நாடகம் அம்பேல்.

அக்காவைக் கேட்டேன். ஒரு கம்பெனியில் தொலைபேசியில் புகார் கேட்பது அவள் வேலை. நாள் முழுக்க ஊராருக்கு 'முடியாது' என்பதைத் தேனில் குழைத்து ஊட்டுகிறாள். அதற்குச் சம்பளம் வேறு!

"முடியாதுன்னு சொல்லாதடி. பாக்கலாம்னு சொல்லு. அவனே புரிஞ்சுக்குவான்."

உண்மைதான். நான் சைக்கிள் கேட்டபோது அப்பா சொன்னதும் அதுதான். இன்றுவரை சைக்கிளைக் கடையில் பார்க்கலாம், தெருவில் பார்க்கலாம். ஓட்ட மட்டும் முடியாது.

ஆகஸ்ட் 7, வியாழன்

"செம யோசனைடா. பாக்கலாம்."

தலையாட்டினான். முகம் வாடவே இல்லை. நயமாகப் பேசுவது இவ்வளவுதானா? இதற்கா பெரியவர்கள் அத்தனை தடவை தொண்டையைக் கனைக்கிறார்கள்?

ஆகஸ்ட் 11, திங்கள்

ஐயோ. ஐயோ. ஐயோ.

தோளில் ஹோஸைச் சுருட்டி மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறான். நேற்று முழுக்க உட்கார்ந்து, ஊசியைச் சூடுபண்ணி, வரிசையாக ஓட்டை!

"எங்கம்மா செடிக்கு ஊத்துறது. நாடகத்துக்குன்னதும் குடுத்துட்டாங்க."

நான் ஆளைத்தான் ஓட்டுவேன். இவன் ஓட்டையே போட்டுவிட்டான்.

"யாருடா உன்னைப் பண்ணச் சொன்னது?"

"நீதானே பாக்கலாம்னே?"

"பாக்கலாம்னா முடியாதுன்னு அர்த்தம்டா!"

"எந்த ஊர்ல?"

அவன் அப்பா 'பாக்கலாம்' என்றால் மறுநாளே பார்த்துவிடுவாராம், செய்தும் முடித்துவிடுவாராம். இப்படியும் ஓர் அப்பாவா!

எல்லாவற்றையும் கொட்டினேன் — பலகை, ஒயர், ஷாக்.

"இதை அன்னிக்கே சொன்னா என்ன?"

"நீ வருத்தப்படுவேன்னுதான்..."

"இப்ப மட்டும் குதிச்சு ஆடுறேனா?"

ஹோஸை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஒத்திகைக்கு வரவில்லை. குடைக்குள் தனியாக நின்று இரண்டு பேர் வசனத்தையும் நானே பேசினேன். கேவலம்.

ஆகஸ்ட் 13, புதன்

என்ன பெரிய கோபம்? ஹோஸுக்குத்தானே ஓட்டை, இவனுக்கு எங்கே ஒழுகுது?

— எழுதிட்டேன். சிரிப்பு வரல. அவன் நோகக் கூடாதுன்னா அப்படிச் சொன்னேன்? அவன் மூஞ்சி வாடுறதை நான் பாக்க வேண்டாம்னு சொன்னேன். அக்காவுக்கு என்ன, போன்ல மூஞ்சியே தெரியாது. அவகிட்டப் போய்க் கேட்டேன் பாரு!

ஆகஸ்ட் 14, வியாழன்

மதிய இடைவேளையில் அவனைத் தரதரவென்று இழுத்துப்போய் மேடைக்கு அடியில் நுழைத்தேன். நானும் நுழைந்தேன். ஒட்டடை, உடைந்த நாற்காலி, தோல் உரிந்த ஒயர்கள். டார்ச் அடித்துக் காட்டினேன்.

"உன் யோசனை நிஜமாவே நல்ல யோசனைடா. இந்த மேடைக்கு ஆகாது."

கிண்டல் எதுவும் சேர்க்கவில்லை. நாக்கு அரித்தது.

டார்ச்சைப் பிடுங்கி ஒவ்வொரு ஒயராக அடித்துப் பார்த்தான். "செத்திருப்போம்" என்றான்.

வெளியே வந்து சட்டையைத் தட்டிக்கொண்டே, "உன் கடைசி வசனம் நல்லா இல்லை" என்றான்.

எது? 'இது குடை இல்லைங்க, கொடை!' — என் உயிரைக் கொடுத்து எழுதியது!

"எல்லாரும் சிரிப்பாங்கடா."

"சிரிப்பாங்க. ரெண்டு பேரும் பிரியிற இடம் அது. அங்க எதுக்குச் சிரிக்கணும்?"

அயோக்கியன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

நாடகம் முடிந்தது. மழை ஒலிபெருக்கியில் பெய்தது. நடுவில் ஒருமுறை திக்கிற்று. கடைசியில் குடையை அவன் கையில் கொடுத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் இறங்கி நடந்தேன். ஹாலில் ஓர் இருமல்கூட இல்லை.

கைதட்டல் எழுவதற்குள், திரை ஓரமாக நின்று அந்த வசனத்தை மெல்லச் சொல்லிப் பார்த்தேன்.

சகிக்கவில்லை.