ஓட்டோடு ஏற்றுமதி

மார்ச் 4, செவ்வாய்

மூன்றாவது அத்தியாயம் முடிந்தது. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் ஒரு நாடு முந்திரிக்கொட்டையை ஓட்டோடு மூட்டை கட்டிக் கப்பலேற்றுகிறது. வாங்கியவர்கள் உடைத்து, வறுத்து, டப்பாவில் அடைத்து, அதே நாட்டின் விமான நிலையத்தில் விற்கிறார்கள். இந்த அநியாயத்தை எங்கள் ஆய்வு நிறுவனத்தின் நான்காம் மாடியில், ஏசியைக் கொஞ்சம் குறைத்து வைத்துக்கொண்டு, பக்கம் பக்கமாகக் கண்டித்திருக்கிறேன். எனக்கு முந்திரி ஒத்துக்கொள்ளாது, உதடு வீங்கிவிடும். ஆகவே என் நடுநிலையை யாரும் சந்தேகிக்க முடியாது.

இயக்குநர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "பிரமாதம்யா. நாலாவது பரிந்துரையில மட்டும் இன்னும் கொஞ்சம் கோபம் சேருங்க. அமைச்சர் வெளியிடறார்ல?"

சேர்த்தேன். 'மூலப்பொருள் விளையும் இடத்திலேயே பதப்படுத்தப்பட வேண்டும். ஓட்டோடு அனுப்புவதை உடனே நிறுத்துக.' எனக்கே புல்லரித்தது.

அறிக்கையில் முதல் பெயர் என்னுடையது. வெளியீடு முடிந்தால் துறைத்தலைவர் பதவியும் என்னுடையது என்று பேச்சு. காலியாகக் கிடக்கும் அந்த நாற்காலி பின்பக்கம் சாயும். இப்போது நான் உட்காருவது பக்கவாட்டில் சாய்கிறது.

மார்ச் 7, வெள்ளி

அட்டவணைகள் வந்தன. முதல் தவணைதான். அனுப்பியவர் அந்த நாட்டில் ஓர் ஆய்வு மையம் நடத்தும் பொருளாதார நிபுணர். முனைவர் பட்டம் வாங்கியவர், இரண்டு புத்தகம் எழுதியவர். எங்கள் அலுவலகத்தில் அவருக்குப் பெயர் 'ஃபீல்டு'. "ஃபீல்டு அனுப்பிடுச்சா?" "ஃபீல்டுக்கு ஒரு மெயில் தட்டுங்க."

அவரும் அவருடைய ஆட்களும் தோட்டம், சந்தை, துறைமுகம் என்று அலைந்து, கேட்டு, எழுதி அனுப்புவார்கள். நாங்கள் அதற்கு நிறம் கொடுப்போம். போன அறிக்கைக்கு நீலம். இது நீடித்த வளர்ச்சி பற்றியது என்பதால் பச்சை.

அவர் பெயர் கடைசிப் பக்கத்து நன்றியில் வரும். அச்சகத்துக்குப் பின், கேன்டீனுக்கு முன்.

மார்ச் 11, செவ்வாய்

தகவல் பிழை இருந்தால் சொல்லட்டும் என்று அத்தியாயத்தையும் பரிந்துரைகளையும் அவருக்கே அனுப்பினேன். இங்கே இதுவரை யாரும் அப்படி அனுப்பியதில்லையாம். ஏன் என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

சொல்லத் தெரியாதது இன்று தெரிந்தது.

பதில் வந்திருக்கிறது. பிழை ஒன்றும் இல்லையாம். எல்லாப் பரிந்துரைகளையும் முழுமனதோடு ஏற்கிறாராம். ஆகவே, பரிந்துரை நான்கின்படி, அவருடைய மையம் பதப்படுத்தாத தரவை ஏற்றுமதி செய்வதை இன்றோடு நிறுத்திக்கொள்கிறது. பகுத்து, எழுதி, எழுதியவர் பெயர் போட்ட அத்தியாயங்கள் மட்டுமே இனிக் கிடைக்கும். கால அவகாசம் தர இயலாமைக்கு வருந்துகிறார்: அவகாசம் கொடுத்தால் வாங்குபவர்கள் இழுத்தடிப்பார்கள் என்று நான்தான் ஆறாவது பரிந்துரையில் எச்சரித்திருக்கிறேனே.

மார்ச் 19, புதன்

இயக்குநர் அறையில் கூட்டம்.

"முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கிட்டு அதை அனுப்பச் சொல்லி உங்கள யாருய்யா கேட்டா?"

உவமை எவ்வளவு பொருத்தம் என்பதை அவர் கவனிக்கவில்லை.

"சார், அவங்க சொல்றது நம்ம அறிக்கையிலயே..."

"அது முந்திரிக்குய்யா!"

பிறகு காரணங்களை அடுக்கினார். அவர்களுக்கு அந்த அளவு திறன் இல்லை. தரம் இருக்காது. சந்தை நம்பாது. எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். இடத்துக்கு வந்து பார்த்தால், இரண்டாம் அத்தியாயத்தில் இறக்குமதிக் கம்பெனிகள் சொல்லும் சாக்குகள் என்று நான் எழுதியவை இவையேதான். வரிசைகூட மாறவில்லை. மேற்கோள் தேடும் வேலை மிச்சம்.

மார்ச் 24, திங்கள்

மனைவியிடம் சொன்னேன். அவள் பல் மருத்துவர். வாயடைத்துப் போனவர்களிடம் பேசிப் பழக்கம்.

"அவங்க கேக்கறதுல என்னங்க தப்பு?"

"தப்பில்ல. நேரம்தான் சரியில்ல."

"நான் கஷ்டப்பட்டு ஒரு பல்லைப் பிடுங்கி ட்ரேயில வெக்கறேன். பக்கத்து ரூம் டாக்டர் அதைத் தொடச்சு, 'நான் பிடுங்கின பல்'னு போர்டு மாட்டிக்கறார். நான் சும்மா இருப்பேனா?"

"உதாரணம் சரியா பொருந்தல."

"ஆமா, அவர் பச்சை பெயின்ட் அடிக்கலையே."

நிறத்தைப் பற்றி இவளிடம் எதற்குச் சொன்னேன்?

மார்ச் 27, வியாழன்

"ஆப்பிரிக்காவுல வேற ஆளே இல்லையா? பக்கத்து நாட்டுல புடிங்க" என்றார் இயக்குநர். பிடித்தேன். பக்கத்து நாட்டு நிபுணர் உடனே எழுதிவிட்டார்: மன்னிக்கவும், எங்கள் ஆய்வு மையங்களின் கூட்டமைப்புக்கு, தரவை நிறுத்திய அவர்தான் தலைவர்.

அண்டை நாடுகள் கூட்டாகப் பேரம் பேச வேண்டும் என்பது பரிந்துரை ஏழு. நம் அறிக்கைகளை யாரும் படிப்பதில்லை என்று இனி நான் புலம்ப மாட்டேன்.

ஏப்ரல் 2, புதன்

கணினித் திரையில் 'ஃபீல்டு' நிபுணரோடு பேசினேன். அவர் மேசையில் தோலோடு ஓர் ஆரஞ்சு. பேச்சு முடியும்வரை அதை உரிக்கவே இல்லை. மரியாதைக்காகவா, மிரட்டலா, தெரியவில்லை. அவர் சொன்னதை நம் பேச்சில் எழுதிவைக்கிறேன்.

"என்கூட ஒன்பது வருஷம் வேலை செஞ்சவர் போன மாசம் ஷிப்பிங் கம்பெனிக்குப் போயிட்டார். நீங்க போட்ட எந்த அறிக்கையிலயும் அவர் பேர் இல்ல. வேற இடத்துல வேலை கேட்டா, 'இத்தனை வருஷம் என்ன செஞ்சீங்க'ன்னு கேக்கறாங்க. காட்ட ஒண்ணும் இல்ல. மிச்சம் ரெண்டு பேரும் கிளம்பிட்டா மையத்தை மூடிட வேண்டியதுதான்."

"எனக்குப் புரியுது, ஆனா..."

"உங்க அத்தியாயம் நல்லா இருந்தது சார். அதான் பிரச்சினை. நீங்க எழுதினதை நீங்களே நம்பலைன்னு தெரிஞ்சிருந்தா நான் பாட்டுக்கு அட்டவணையை அனுப்பிட்டுப் போயிருப்பேன்."

ஏப்ரல் 4, வெள்ளி

இயக்குநருக்கு வழி கிடைத்துவிட்டது. போன வருடத்து அட்டவணைகளையே போட வேண்டும். கீழே 'ஆசிரியரின் நேரடிக் கள ஆய்வு' என்று ஒரு வரி.

"எந்த ஆசிரியர், சார்?"

"முதல் பேர் யாரோடது? துறைத்தலைவர் ஆகப்போறவர் இதெல்லாம் கேக்கலாமா?"

கள ஆய்வா? நான் பாத்த ஒரே களம் கார் பார்க்கிங். அந்த ஊர்ல மழை எந்த மாசம்னுகூட எனக்குத் தெரியாது. ஒரு வரிதானே? எத்தனை வரி எழுதியிருக்கேன், ஒண்ணாவது இப்படி நெஞ்சுல நின்னிருக்கா? ஷிப்பிங் கம்பெனிக்குப் போன அந்த மனுஷன் ஒன்பது வருஷம் அலைஞ்சதை நான் அலைஞ்சதா எழுதணும் — அவ்வளவுதான் வேலை.

நாற்காலி நன்றாகத்தான் சாய்கிறது. மதியம் ஆள் இல்லாதபோது உட்கார்ந்து பார்த்தேன்.

ஏப்ரல் 5, சனி

எழுதிவிட்டேன். 'தங்கள் நிபந்தனைகளை ஏற்கிறோம். அத்தியாயங்களை எழுதியவர் பெயருடன் அனுப்புக.' நகல்: நிதி தரும் நிறுவனம்.

ஏப்ரல் 9, புதன்

நிதி நிறுவனம் பதில் போட்டிருக்கிறது. 'உலகுக்கே முன்மாதிரி' என்று இரண்டு இடத்தில். இயக்குநர் கதவைச் சாத்தினார்.

"யாரைக் கேட்டுய்யா நகல் போட்டீங்க?"

"வெளிப்படைத்தன்மை, சார். பரிந்துரை ஒன்பது."

மாலைக்குள் அந்தக் கடிதத்தை அலுவலகம் முழுக்க அனுப்பிவிட்டார். மேலே ஒரு குறிப்பு: 'என் நெடுநாள் கனவு.'

மே 12, திங்கள்

வெளியீடு. அமைச்சர் இயக்குநரின் தொலைநோக்கைப் பாராட்டினார். இயக்குநர் கண் கலங்கினார். பழக்கம் இருக்கிறது.

அறிக்கையில் முதல் பெயர் 'ஃபீல்டு' நிபுணருடையது. அடுத்து அவருடைய சக ஆய்வாளர்கள், ஷிப்பிங் கம்பெனிக்குப் போனவர் உட்பட. பகுத்து எழுதியவர்கள்தான் ஆசிரியர்கள் என்பது அவருடைய நிபந்தனை. மூன்றாவது அத்தியாயத்தைப் புது எண்களோடு அவர்களே திருப்பி எழுதிவிட்டார்கள். என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது, கோபமும் குறைவு. நிறம் கொடுத்த நான் கடைசிப் பக்கத்தில். அச்சகத்துக்குப் பின், கேன்டீனுக்கு முன்.

துறைத்தலைவர் பதவி, அறிக்கைக்கு அட்டை வடிவமைத்தவருக்குப் போயிற்று. அட்டை நன்றாகத்தான் வந்திருக்கிறது.

ஜூன் 16, திங்கள்

ஆப்பிரிக்க நிபுணரின் மையத்திலிருந்து மெயில். அடுத்த ஆய்வு அவர்கள் முந்திரியை வாங்கி உடைக்கும் நாடுகளைப் பற்றி. அதாவது எங்களைப் பற்றி. ஊருக்கு வெளியே உள்ள ஆலைகளுக்குப் போய், உடைக்கும் பெண்களிடம் கூலி, வேலை நேரம், முந்திரி ஓட்டின் எண்ணெய் பட்டுக் கையில் வந்த புண் எல்லாம் கேட்டு, அட்டவணையாக அனுப்ப வேண்டுமாம். பகுப்பாய்வை அங்கே பார்த்துக்கொள்வார்களாம். கடிதத்தில் எங்கள் அலுவலகத்தை 'எங்கள் ஃபீல்டு' என்று குறிப்பிட்டிருக்கிறார்.

பழைய ஷூவைத் தேடி எடுத்தேன். "எங்கங்க கிளம்பறீங்க?" என்றாள் மனைவி. சொன்னேன். "முந்திரி ஆலைக்கா? உதட்டை ஜாக்கிரதையா பாத்துக்குங்க" என்று மாத்திரையைப் பையில் போட்டாள்.

கிளம்பும் முன் ஒரே ஒரு சந்தேகம் கேட்டு எழுதினேன்: 'என் பெயர் எங்கே வரும்?'

பதில் ஒரே வரி.

'பரிந்துரை நான்கைப் பார்க்கவும்.'