உன் குரலுக்கு அசையாதவர்கள்

என் பாசமுள்ள அண்ணா,

உன் படத்தைச் சட்டம் போட்டு ரக்பி கிளப்பில் மாட்டப் போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை விழா. படத்துக்குக் கீழே 'எங்கள் ஹாஃப்-பாக்' என்று எழுதுகிறார்களாம். மைதானத்தில் உன்னிடமிருந்து பறித்த இடத்தைச் சுவரில் தருகிறார்கள்.

துக்கம் விசாரிக்க வரும் நம்மவர்களில் பலருக்கு ரக்பி தெரியாது. நீ எனக்குச் சொன்னதையே அவர்களுக்கும் சொல்கிறேன். முட்டி மோதும் தடியன்களின் கால்களுக்கிடையிலிருந்து பந்தை எடுத்து, யார் எங்கே ஓடவேண்டும் என்று கத்துகிறவன்தான் ஹாஃப்-பாக். அணியிலேயே உடம்பில் சின்னவன். ஆனால் அவன் சொல்வதைத்தான் மற்றவர்கள் கேட்கவேண்டும்.

கண்டியில் படித்தபோது அந்த இடத்தில் ஆடியவன் நீ. சிட்னியில் தொழிற்சாலை வேலை முடிந்ததும் எண்ணெய்க் கையோடு பயிற்சிக்கு ஓடுவாய். ஒரு பருவம் அதே இடத்தில் ஆட விட்டார்கள். பிறகு பயிற்சியாளர் உன்னை மாற்று ஆளாகக் கோட்டுக்கு வெளியே உட்காரவைத்தார். அன்று குசினியில் தேத்தண்ணி ஊற்றியபடி சிரித்தாய்.

"கையிலை பிழையில்லையாம் தம்பி. வாயிலைதான் பிழையாம்."

"என்ன சொல்லிப்போட்டாய்?"

"ஓடுங்கோடா எண்டனான். ஒரு கறுவல் சொல்லி நாங்கள் ஓடுறதோ எண்டு அவங்களுக்குக் கோபம்."

"விட்டுப்போட்டுக் கிரிக்கெட் விளையாடன்."

"ஏன்ரா, கிரிக்கெட்டிலை நான் வெளுத்துப்போவனோ?"

தொழிற்சாலையிலும் அதே கதைதான். நீ வேலை பழக்கிய வெள்ளைக்காரன் உனக்கே மேற்பார்வையாளன் ஆனான். வெள்ளையர் மட்டுமே குடியேறலாம் என்ற கொள்கையை எடுத்துவிட்டோம் என்று இந்த நாடு பெருமை பேசுகிறது. சுமக்க ஆள் தேவைப்பட்டது, எடுத்தார்கள். நம்மில் ஒருவன் உத்தரவு போட்டால் மட்டும் அவர்களுக்குக் காது அடைத்துக்கொள்கிறது.

கடைசி ஆட்டத்தில் வழமையான ஹாஃப்-பாக் காயப்பட்டதால் உன்னை உள்ளே அழைத்தார்கள். நான் வேலியோரம் நின்றேன். பந்தை எடுத்து, இடது பக்கம் ஓடச்சொல்லிக் கத்தினாய். உன் அணியில் ஒருவன்கூட அசையவில்லை. பந்தைக் கொடுக்க ஆளில்லாமல் நீ திரும்பியபோது எதிரணிக்காரர் கூட்டமாக உன்மேல் விழுந்தார்கள். கழுத்து முறிந்தது. ஆஸ்பத்திரியில் நீ கண் திறக்கவேயில்லை.

விபத்து என்று முடித்துவிட்டார்கள். உன்மேல் விழுந்தவர்கள் விதிப்படிதான் விழுந்தார்கள். ஓடாமல் நின்றவர்களுக்கு எந்த நடுவர் விசில் ஊதுவார்?

நேற்று கிளப் செயலாளர் வீட்டுக்கு வந்தார். கதிரையில் உட்கார்ந்து உண்மையாகவே அழுதார். விழாவில் என்னைப் பேசச் சொன்னார். "அவன் எங்களில் ஒருவன் என்று சொன்னால் போதும்" என்றார்.

பேசுவேன் அண்ணா. நீ கத்தினாய், அவர்கள் நின்றார்கள் என்று அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். துக்கத்தில் உளறுகிறான் என்று யாராவது என் தோளைப் பிடித்து வெளியே கூட்டிப்போவார்கள். உள்ளே பியர் ஊற்றுவார்கள். அடுத்த சனிக்கிழமை அதே ஆட்கள் ஆடுவார்கள். எதுவும் மாறாது, தெரியும். ஆனாலும் அதைச் சொல்லாமல் அந்த மேடையைவிட்டு இறங்கமாட்டேன்.

உன் கூடப்பிறந்தவன்,
தம்பி குமார்