கிளாத்திக்கு மூச்சு

ஜூலை 5, 2008, சனி

காலையிலிருந்து புழுதிக் காற்று. ஜன்னல் அடைத்தே கிடக்கிறது. மீன் தொட்டியில் கால்வாசித் தண்ணீர் மாற்றினேன். உப்பு கலந்து, அளவு பார்த்து... முதுகு வலி. தொட்டியிலிருக்கும் கடல்மீன் கிளாத்திக்கு நிறம் திரும்பிவிட்டது. பச்சை உடம்பில் ஆரஞ்சு வரிகள் பளிச்சென்று. போன மாதம் சாம்பலாய்க் கிடந்த மீனா இது? வெறும் மீன் துண்டாகப் போட்டதுதான் தப்பு. இப்போது ஓட்டோடு இறால், நண்டுக்கால். நறநறவென்று கடிக்கிறது. பல்லும் தேய வேண்டுமே.

தொட்டி வாங்கி வைத்துவிட்டு இவர் மஸ்கட் போய்விட்டார். வீட்டில் நானும் அதுவும்.

தண்ணீர் கொஞ்சம் சிந்திவிட்டது. கீழ்வீட்டுப் பாக்கியம் அக்கா வாசலில் யாரிடமோ, "உப்புத்தண்ணி எறங்கி செவரே பொரிஞ்சு போச்சு. மீன் வளக்குறாகளாம்." என் காதில் விழட்டும் என்றுதான்.

ஜூலை 6, ஞாயிறு

மாதா கோயிலில் பூசை முடிந்து வந்தால் கரண்ட் இல்லை. டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டதாம். தொட்டியின் காற்று மோட்டார் நின்று, மீன் தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டு. உடம்பெல்லாம் வெளுத்து. மக்கில் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினேன், காற்று கலக்கட்டும் என்று. ஊற்றி ஊற்றிக் கை மரத்தது. அழுகை.

அக்கா மேலே வந்தார். சண்டைக்கு என்று நினைத்தேன்.

"என்ன டீச்சர், இம்புட்டுத் தண்ணிச் சத்தம்?"

"மீனுக்கு மூச்சு முட்டுதுக்கா. நிறுத்தினா செத்துரும்."

தொட்டியைப் பார்த்தார். சேலையை இடுப்பில் செருகினார்.

"மக்கக் குடுங்க. செத்த நேரம் உக்காருங்க."

"கீழ ஒழுகுமேக்கா."

"ஒழுகட்டும். செவத்த அப்பறம் பாப்பம்."

பிறகு அவர் வீட்டுக்காரரும் வந்து ஊற்றினார். மாற்றி மாற்றி மூன்று பேர். கரண்ட் வரும்போது விளக்கு வைக்கும் நேரம். மீன் உயிரோடு.

ஜூலை 7, திங்கள்

கல்லிடுக்கில் ஒளிந்தே இருக்கிறது. இறாலைத் தொடவில்லை. பள்ளியில் மனசு நிற்கவில்லை. 9-பி விடைத்தாள் பாக்கி. இவரிடம் போனில் எல்லாம் சொன்னேன். "அந்த அக்காவா ஊத்துச்சு?" என்று மறுபடி கேட்டார்.

ஜூலை 9, புதன்

சாயங்காலம் நண்டுக்கால் நீட்டினேன். பாய்ந்து வந்து விரலையும் சேர்த்துக் கடித்தது. ரத்தம். அப்படியொரு சந்தோஷம். விரலைப் பிடித்தபடியே கீழே ஓடிச் சொன்னேன். அக்கா மஞ்சள் வைத்துத் துணி சுற்றிவிட்டு, "சாப்டீங்களா?" என்றார்.

இல்லை.

கோழிக்குழம்பு. இந்த வீட்டுக்குக் குடிவந்து கீழ்வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டது இதுதான் முதல் தடவை. நன்றி சொல்லத்தான் நினைத்தேன். இன்னொரு தரம் சோறு கேட்டு வாங்கிக்கொண்டேன்.