கைக்குட்டைக்காரி

ஸ்கார்வெய் தீவு, வட நார்வே
ஜனவரி 12

அன்புள்ள சிக்னே,

நலமா? சனிக்கிழமை படகுத்துறையில் உன் பக்கத்தில் வந்தேன். உடனே கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டாய். நான் பிரிந்துபோய் நான்கு வருடம் ஆகியும் இப்படியா? "உன்னை நெனச்சு இன்னும் உருகுறாப்பா" என்கிறார் கடைக்காரர். கைக்குட்டைக்காரி என்று ஊர் உன்னைக் கூப்பிடுவது எனக்கே சங்கடமாக இருக்கிறது.

நான் நம்பிப் போன அந்தப் பெண் போடில் என்னை விட்டுப் போய்விட்டாள். உன் கண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்க நான் கல்நெஞ்சன் இல்லை. நம் வீட்டுக்கே வந்துவிடட்டுமா?

உன்
ஐலிஃப்

ஜனவரி 20

அன்புள்ள ஐலிஃப்,

உங்கள் இரக்க குணம் எனக்குத் தெரியாததா? ஒரு சின்ன வேலையாக நகரத்துக்குப் போகிறேன். மார்ச் முதல் ஞாயிறு, தேவாலயத்தில் ஆராதனை முடிந்து எல்லோரும் காபி குடிக்கும்போது என் பக்கத்தில் வந்து உட்காருங்கள். உங்களைப் பார்த்து நான் கைக்குட்டையை எடுத்தால், அங்கேயே வீட்டுச் சாவியைத் தருகிறேன். ஊருக்கெல்லாம் சொல்லிவையுங்கள். நீங்கள் எப்போதும் பூசும் அந்த வாசனைத் தைலத்தையும் தாராளமாகப் பூசிக்கொண்டு வாருங்கள்.

சிக்னே

பிப்ரவரி 3

என் சிக்னே,

ஒருவர் விடாமல் சொல்லிவிட்டேன். ஒரு கைக்குட்டை போதாது, நாலைந்து கொண்டு வா.

ஐலிஃப்

மார்ச், திங்கட்கிழமை

ஐலிஃப்,

நேற்று சூடான காபி குடித்தேன். உன் தைல வாசனை நெடியாக அடித்தது. உன் முகத்தையும் நேருக்கு நேர் பார்த்தேன். ஒரு சொட்டுகூட வரவில்லை. "என்ன ஐலிஃப், இன்னிக்கு அழ மறந்துட்டாளா?" என்று பாதிரியாரின் மனைவி கேட்டதும் உன் காது சிவந்தது. கண்குளிரப் பார்த்தேன்.

நீ போன பிறகு வந்த சளிக்காய்ச்சலோடு என் மூக்கு கெட்டது. ஒழுகும், இல்லாவிட்டால் அடைத்துக்கொள்ளும். பூனை, மகரந்தம், தூசி என்று எல்லாம் சோதித்தார்கள்; ஒவ்வாமை இல்லை. உள்ளே ஒரு நரம்புக்கு வீண் பதற்றம். குளிர்காற்று, சூடான சூப்பு, உன் தைலம், எது பட்டாலும் ஒழுகச் சொல்லிவிடும். மருந்தும் கேட்கவில்லை. நகரத்து ஆஸ்பத்திரியில் மூக்குத் துளை வழியாகக் கருவியை விட்டு அந்த நரம்பை வெட்டினார்கள். அடைப்புக்குக் காரணமான சதையையும் குறைத்தார்கள்.

இது நோய் என்று எத்தனையோ பேரிடம் சொன்னேன். யாரும் நம்பவில்லை. நீ பரப்பிய கதைதான் அவர்களுக்கு இனித்தது. கைக்குட்டைக்காரி என்று முதலில் கூப்பிட்டதும் நீதான் என்று எனக்குத் தெரியும். நான்கு வருடம் என் மூக்குச் சளியை வைத்து நீ மாப்பிள்ளையாகத் திரிந்தாய். இனி ஊர் உன்னைப் பார்த்துச் சிரிக்கட்டும். எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை.

உனக்காக நான் அழுததும் உண்டு. நீ போன அன்று, ஆட்டுக்கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு, வாய்விட்டு அழுதேன். அன்று நீ திரும்பி வந்திருந்தால் கதவைத் திறந்திருப்பேன்.

சிக்னே