தாயைக் காணோம்னு சொன்ன டிஸ்க்

நம்ம கல்யாண போட்டோவ நான் தொலைக்கலடி, போன்ல கத்தாத. முட்டிவலி தேவலையா?

நான் காவல் காக்குற ஆபீஸ்ல கம்ப்யூட்டர் பாக்குற பொண்ணு, அந்தப் போட்டோ இருந்த நம்ம பழுதான டிஸ்க்க சோதிச்சுச்சு. திரை பூரா நம்பரா ஓடுச்சு. "எனக்குப் புரியுற மாதிரி காட்டும்மா"ன்னேன். தமிழ்ல மாத்துச்சு: "அனாதை. தாயைக் காணோம்."

"போட்டோல இருக்கறவ உயிரோடதாம்மா இருக்கா, இப்பதான் திட்டினா"ன்னேன்.

"ஐயோ தாத்தா, போட்டோ பத்திரமா இருக்கு. எந்த ஃபோல்டர்ல இருந்துச்சுன்னுதான் தெரியல, அந்த ஃபோல்டரத்தான் தாய்னு சொல்லுது. அதுக்குப் பேருதான் அனாதை"ன்னுச்சு. அப்புறம் அந்த வார்த்தைய அழிச்சுட்டு, "பத்திரமா இருக்கு, இடம் தெரியல"ன்னு மாத்திடுச்சு.

எனக்கு இன்னும் குழப்பம்தான். எதுக்கும் புது போட்டோ ஒண்ணு அனுப்பு, முறைக்காம எடு.

"பத்திரமாத்தான் இருக்கேன், வீட்டுல இல்ல. அப்ப நானும் அந்த அனாதை ரகமாம்மா?"ன்னு நான் கேக்குறதுக்குள்ள அந்தப் பொண்ணு டீ குடிக்க எழுந்து போயிடுச்சு.