மதில் தாண்டாத ஆன்டெனா

அண்ணே,

உங்கள் காருக்காக வாங்கிய புது ஆன்டெனாக் கம்பி இன்னும் உறை பிரிக்காமல் என் மேசையில் கிடக்கிறது. எழுத உட்காரும்போதெல்லாம் நீங்களே அங்கே இருந்து என்னை முறைப்பது போலிருக்கிறது. முறைக்க உங்களுக்குக் காரணம் இருந்தது என்பது இப்போதுதான் தெரிந்தது.

சாயங்காலமானால் வேப்பமரத்தடியில் நிற்கும் காருக்குள் உட்கார்ந்து நீங்கள் ரேடியோவைப் போடுவீர்கள். உடனே 'கிர்ர்' என்று ஆன்டெனா தானாக ஏறும். நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே உள்ள மதிலுக்கு மேல் அதன் நுனி தெரிந்ததும் நான் காபி டம்ளரோடு ஆஜர். திருமயத்தில் அன்றைக்கு யார் வீட்டில் சண்டை, யார் வீட்டில் பெண் பார்க்க வந்து என்ன சாக்குச் சொல்லிப் போனார்கள் என்று ஒன்றுவிடாமல் ஒப்பிப்பேன். "கொஞ்சம் பொறுங்க தம்பி, சரணம் வருது" என்பீர்கள். நான் பொறுத்ததாக எனக்கு நினைவில்லை.

ஒருநாள் ஆன்டெனா ஏறவில்லை. "எவனோ கை வச்சுப்புட்டான்" என்று தெருவையே சந்தேகப்பட்டீர்கள். தேங்காய் பறிக்க வந்தவர், பால்காரர், கடைசியில் என்மேலும் ஒரு பார்வை. கம்பியை மேலே தள்ளும், பல் வைத்த நைலான் கயிறு அறுந்துவிட்டது, பார்ட்ஸ் கிடைக்காது என்றீர்கள். ஆன்டெனா மோட்டார் இருக்கும் டிக்கிப் பக்கம் மெக்கானிக்கைக்கூட அண்டவிடவில்லை. எனக்கு அப்போதே லேசாக இடித்தது. ஆனாலும் மதிலுக்கு மேல் ஒன்றும் தெரியாததால், நீங்கள் வெளியே போயிருப்பீர்கள் என்று நானும் வருவதை விட்டுவிட்டேன்.

நீங்கள் போய்ச் சேர்ந்து, வந்த சொந்தக்காரர்களெல்லாம் திரும்பிய பிறகு, மதினி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"கொழுந்தனாரே, ஒளிக்காமச் சொல்லுங்க. தெனமும் கண்ணாடிய ஏத்திவிட்டுக் காருக்குள்ள ஒக்காந்திருந்தாரு. கேட்டா ரேடியோ கேக்குறேன்னாரு. ஆன்டெனா ஒடஞ்ச வண்டியில என்ன ரேடியோ? ஒதடு அசையிறத நானே பாத்தேன். யார்கிட்ட போன் பேசுனாரு?"

"எனக்கெப்படி மதினி தெரியும்?"

"ஊருக்கதை பூரா தெரிஞ்ச ஒங்களுக்கு இது மட்டும் தெரியாதாக்கும்? அதப் பிரிச்சுப் பாத்து ரிப்பேர் பண்ணுங்க. ஒடஞ்சிருந்தப்ப ரேடியோ பாடுச்சா இல்லையான்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

முப்பது வருஷத்துக்கு மேல் கூட வாழ்ந்தவர், சாப்பாடு இறங்காமல் நிற்கிறார். நான் மட்டும் யோக்கியமா? ஊரில் உள்ள பெண்களையெல்லாம் மனசுக்குள் வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருவராக விசாரித்தேன். ஒருத்தரும் உங்களுக்குச் சரிப்பட்டு வரவில்லை.

புதுக்கோட்டைக் கடையில் கம்பியைக் கொடுத்தவர் சொன்னார்: "மேல நட்டக் கழட்டிட்டு ரேடியோவப் போடுங்க சார். மோட்டாரே பழசத் தள்ளிவிட்டுரும்."

பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றி, நட்டைக் கழற்றி, ரேடியோவைப் போட்டேன். மோட்டார் மூச்சுவிடவில்லை. ஆனால் பாட்டு கணீரென்று வந்தது அண்ணே! மதினி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அவரைவிட எனக்குச் சந்தேகம் முற்றிவிட்டது. ஆன்டெனா இல்லாமல் எப்படிப் பாடும்?

டிக்கியின் பக்க அட்டையைப் பிரித்தேன். மோட்டாரின் ஒயரைக் கழற்றி, பிளாஸ்டர் சுற்றி, அழகாக ஓரமாய்ச் சொருகி வைத்திருந்தீர்கள். அதை மாட்டியதுதான் தாமதம், 'கிர்ர்' என்று பழைய கம்பி முழுசாக வெளியே வந்தது. நைலான் கயிற்றில் ஒரு பல்கூடப் போகவில்லை. முன் கண்ணாடியின் ரப்பருக்குள்ளே பார்த்தால், சன்னமாக வேறொரு ஆன்டெனா ஒயர் ஓடுகிறது. உங்கள் கைவேலை.

"அப்ப ரேடியோதான் கேட்டிருக்காரு" என்றார் மதினி. குரல் உடைந்திருந்தது. "ஒதடு?"

"கூடவே பாடியிருப்பாரு மதினி."

"அத எதுக்கு ஒளிக்கணும்? யாருக்குப் பயந்து?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு காரின் மேல் நான் வைத்திருந்த காபி டம்ளரைப் பார்த்தார். பிறகு மதிலைப் பார்த்தார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தவர், சிரித்துக்கொண்டே அழுதார்.

"எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்ல பாவி மனுசன்."

"சொன்னா நீங்க என் வீட்டுக்காரிகிட்டச் சொல்லுவீங்க. அவ எங்கிட்டச் சொல்லுவா."

அவருக்கு அன்று ராத்திரி சாப்பாடு இறங்கியதாக என் வீட்டுக்காரி சொன்னாள். எனக்குத்தான் இறங்கவில்லை. ஒரு மனிதன் நாலு பாட்டைக் கேட்க, இருக்கிற ஆன்டெனாவை உடைந்ததாக்கி, ஊரையே சந்தேகப்பட வேண்டியிருந்திருக்கிறது. நேராக "வராதீங்க தம்பி" என்று சொல்ல மட்டும் உங்களுக்கு மனசு வரவில்லை.

பழைய கம்பியையே திரும்ப மாட்டிவிட்டேன். ஒயரைக் கழற்றிவிடவா என்று கேட்டதற்கு, "இருக்கட்டும், ஏறட்டும்" என்றார் மதினி. இப்போது சாயங்காலங்களில் அவர் காருக்குள் உட்கார்ந்து பாட்டுக் கேட்கிறார். மதிலுக்கு மேல் நுனி தெரிகிறது. என் கால் தானாகச் செருப்பைத் தேடுகிறது. டம்ளரோடு மதிலுக்கு இந்தப் பக்கமே நின்று, காபி ஆறுவதையும் பாராமல் காத்திருக்கிறேன்.

சரணம் வருகிறது, அண்ணே.