மானின் வயிற்றில் எங்கள் கடைப் பை

திருகோணமலை
செப்டம்பர் 14

அன்புள்ள ஷிஃபானாவின் வாப்பாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நானும் பிள்ளையும் சுகம். கட்டாரில் வெயில் கொஞ்சமாவது தணிந்ததா? போனில் சொல்ல நினைத்து மூன்று தடவையும் வேறு கதை பேசிவிட்டு வைத்துவிட்டேன். அதனால்தான் லீவு முடிந்து அங்கே திரும்பும் ஸாஜித்திடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுகிறேன்.

கடை வாசலுக்கு வரும் காது கிழிந்த பெண்மானை மறந்திருக்க மாட்டீர்கள். நீங்கள் போன பிறகு ஒரு குட்டி போட்டது. போன மாதம் நாலு நாள் ஒன்றும் தின்னாமல், வயிறு ஊதி, வடிகானோரம் நின்றது. நான் ஆள் அனுப்பி மிருக வைத்தியரைக் கூப்பிட்டேன். தடவிப் பார்த்துவிட்டு, "ஏலாது தங்கச்சி, உள்ளுக்கு அடைச்சிட்டுது" என்றார். அன்று மத்தியானமே செத்துப்போனது.

காரணம் பார்க்க அங்கேயே வயிற்றைக் கிழித்தார். உள்ளே தேங்காயளவு பொலித்தீன் உருண்டை. தண்ணீர் ஊற்றிப் பிரித்தபோது ஊதாக் கோடு போட்ட பைகள் வந்தன. இந்தத் தெருவில் அந்தப் பையில் சோறு கட்டுவது நம் கடை மட்டும்தான். "இது ஆர்ட கடைப் பை?" என்று சுற்றி நின்றவர்களிடம் கேட்டார். ஒருவரும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

மறுநாளே கந்தளாயிலிருந்து வாழையிலை எடுப்பித்தேன். ஆனால் இலை கிழிந்து குழம்பு ஒழுகுகிறது. துறைமுகத்து வேலையாட்கள், "சைக்கிள்ல கொண்டுபோக ஏலாது ராத்தா" என்று பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார்கள். அந்தக் கடை ஸெய்னுதீன் நானா, "நீங்க ஒராள் நிப்பாட்டினா டவுன் திருந்துமா?" என்று கேட்டார்.

பிள்ளையின் ஜெயரூபி டீச்சரும் நானும் நகரசபைக் கந்தோருக்குப் போய், குப்பைத் தொட்டிகளுக்கு மூடி கேட்டோம். மான் மேயும் புல்வெளியை விட்டுவைக்கச் சொன்னோம். இவை காட்டிலிருந்து வழிதவறி வந்தவை அல்ல, இந்த டவுனிலேயே பிறந்தவை, டவுன் பார்க்காவிட்டால் வேறு யார் பார்ப்பது என்று டீச்சர் கேட்டா. அங்கிருந்தவர் கதிரை தந்து, எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பத்து நாளில் வாகனம் நிறுத்தவென்று அந்தப் புல்வெளியில் கல் பதிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

போன வெள்ளியிலிருந்து நானும் பழையபடி பையில்தான் கட்டுகிறேன்.

குட்டி இன்னும் வருகிறது. எதையாவது மென்றால் ஓடிப்போய் வாயைப் பிரித்துப் பார்க்கிறேன். ஒரு நாள் பாதிப் பையை இழுத்தெடுத்தேன். கடையில் ஆள் நிற்கும்போது ஓட முடிவதில்லை. தாய் மான் கோட்டைப் பக்கம் போய்விட்டது என்று பிள்ளையிடம் சொல்லியிருக்கிறேன். அவள் கேட்டால் நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். அல்லாஹ் உங்களை நோய்நொடியில்லாமல் வைத்திருக்கட்டும். இங்கே எல்லோரும் ஒரு மான்தானே என்கிறார்கள். அன்றைக்கு நான் வாய் திறக்காமல் நின்றது பிழை என்று நீங்களாவது எனக்குச் சொல்லுங்கள்.

உங்கள்
அசனா